ரிக் வண்டியில் விரல் போனால்: கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

திருச்செங்கோட்டுப் போர்வெல் ரிக் வண்டி ஒன்றில் வேலை பார்த்த 30 வயதுத் தம்பிக்கு, மத்தியப் பிரதேசத்தில் கேசிங் பைப் இறக்கும்போது வலது கட்டைவிரல் போனது. ஊருக்கு வந்த மறுநாளே ஓனர் தரப்பில் ஆள் வந்தார். கையில் 40,000 ரூபாயும் ஒரு பத்திரமும். வலது கையில் கட்டு இருந்ததால் இடது பெருவிரலில் மை தடவி வைத்தான். அவனுக்கு வரவேண்டியது ஐந்தரை லட்சத்துக்கு மேல்.

1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் போர்வெல் போடும் வேலையும் இருந்தது. இப்போது அது 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் வந்துவிட்டது, உரிமை போகவில்லை. இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அந்த அலுவலகம்தான் வழி. நான் பார்த்த ரிக் பையன்கள் யாரிடமும் அது இல்லை.

கணக்கு இதுதான். சம்பளம் 15,000 என்றால் அதில் 60 சதவீதம் 9,000. 30 வயதுக்கான காரணி (வயதைப் பொறுத்துச் சட்டம் தரும் பெருக்கல் எண்) 207.98. பெருக்கினால் 18,71,820. கட்டைவிரலுக்கு அதில் 30 சதவீதம், அதாவது 5,61,546 ரூபாய். ஆள்காட்டி விரலுக்கு 14 சதவீதம், நடுவிரலுக்கு 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ போனால் 7. சம்பளம் 25,000 வாங்கினாலும் 15,000தான் கணக்கில் வரும். ஆஸ்பத்திரிச் செலவை ஓனர் தனியாகத் தரவேண்டும்.

முதல் பொறி ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது. கூட வந்தவர் "வழுக்கி விழுந்துட்டானுங்க" என்று சொல்லிவிடுவார், நர்ஸ் அதையே எழுதிவிடுவார். மயக்க மருந்துக்கு முன் நீங்களே வாயைத் திறந்து, எந்த வண்டி, என்ன வேலை என்று சொல்லுங்கள். விபத்துப் பதிவேட்டு நகலை வாங்குங்கள். வழுக்கி விழுந்தான் என்ற அந்த ஒரு வரியில் எத்தனை கேஸ் செத்திருக்கிறது!

அடுத்து அட்வான்ஸ். "அட்வான்ஸ்ல கழிச்சுக்கறேன் தம்பி" என்பார்கள். இழப்பீட்டில் கடனைக் கழிக்கச் சட்டம் இடம் தரவில்லை. பத்திரத்தில் வைத்த கைநாட்டும் இழப்பீட்டு அதிகாரியிடம் பதிவாகாவிட்டால் உங்கள் உரிமையைப் பறிக்காது. அந்தத் தம்பி இதைத் தெரிந்துகொள்வதற்குள் ஒரு வருடம் ஓடிவிட்டது.

"உன் கவனக்குறைவுதானே" என்றால் பயப்படாதீர்கள். இழப்பீட்டை மறுக்கக் கவனக்குறைவு ஒரு காரணமே இல்லை. குடித்திருந்தார், வேண்டுமென்றே பாதுகாப்பு விதியை மீறினார் என்று ஓனர்தான் நிரூபிக்க வேண்டும்.

அலுவலகத்தில் அலைச்சல் இப்படித்தான் ஆரம்பிக்கும்: "எஃப்.ஐ.ஆர். கொண்டு வாங்க", "விபத்து நடந்த ஊர்லதான் போடணும்", "40 சதவீதம் ஊனம் இல்லையே". மூன்றும் தவறு. எஃப்.ஐ.ஆர். இருந்தால் நல்லது, இல்லையென்றால் மனு நிற்காது என்பதில்லை. நீங்கள் குடியிருக்கும் பகுதியிலேயே மனுப் போடலாம். 40 சதவீதம் என்பது மாற்றுத்திறனாளி சலுகைகளுக்கான அளவு, இதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வரிசையில் கொடுக்கும் மனுவை இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தொழிலாளர் துறையில் இழப்பீடு விசாரிக்கும் அதிகாரி யார் என்று கேட்டு, அவரிடமே கொடுத்து, முத்திரை போட்ட நகல் வாங்குங்கள். "அடுத்த வாரம் வாங்க" என்றால் அதைக் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

வேலை பார்த்ததற்குச் சான்று எங்கே என்பார்கள். ஜிபேயில் வந்த பேட்டா, மேனேஜரின் வாட்ஸ்அப் குரல், வண்டி நம்பர் தெரிய எடுத்த படம், எல்லாமே சான்றுதான். போனை மாற்றுவதற்கு முன் வேறு இடத்தில் சேமித்து வையுங்கள். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் அந்தக் கம்பெனியையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள்.

ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி ஏறும். காரணமில்லாமல் இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம். மனுவுக்குக் கெடு விபத்து நடந்த நாளிலிருந்து 2 வருடம். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, அல்லது சட்ட உதவி எண் 15100.