பழைய டர்ன்டேபிளோடு வரும் ஊசியை முதலில் கழற்றுங்கள்

கடந்த வாரம் ஓர் இளைஞர், பழையதாக வாங்கிய டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 எம்.கே. 2 டர்ன்டேபிள் (இசைத்தட்டைச் சுழற்றிப் பாடவைக்கும் கருவி) ஒன்றை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். 1979இல் வெளிவந்த அந்த வகைக் கருவியின் மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. வாங்கிய இரண்டு மாதங்களுக்குள் போனோ பிரீஆம்ப் (ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஒலியைப் பெருக்கும் கருவி), புதிய கேபிள்கள், தட்டுக்கு அடியில் போடும் கார்க் விரிப்பு என்று அவர் வரிசையாகச் செலவு செய்திருந்தார். ஆனாலும் தந்தை சேர்த்துவைத்த எல்.பி. இசைத்தட்டுகளில் ‘ச’, ‘ஸ’ வரும் இடமெல்லாம் துணி கிழிவதுபோல் இரைகிறது என்பதே புகார். “எந்தக் கார்ட்ரிட்ஜ் போட்டால் இது போகும், சார்?” என்று கேட்டார். ஊசியைத் தாங்கி அதன் அதிர்வை மின்சாரமாக மாற்றும் சிறு பெட்டிதான் கார்ட்ரிட்ஜ்.

ஊசியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். வழுவழுப்பாக வளைந்திருக்க வேண்டிய முனை இரு பக்கமும் பட்டை தீட்டியதுபோல் தட்டையாகி, அந்தப் பட்டையின் விளிம்பு உளியைப்போல் நின்றது. பிறகு புதிய ஊசி பொருத்திய என் கருவியில் அவருடைய தட்டை ஓட்டினேன். இரைச்சல் அப்படியே இருந்தது. தட்டில் ஒலி பதிந்திருக்கும் பள்ளத்தை அந்த உளி செதுக்கிவிட்டது; அதை எந்தக் கார்ட்ரிட்ஜும் திருப்பித் தராது.

விற்றவர் “அதிகம் ஓடாத ஊசி” என்று சொன்னாராம். எல்லா விற்பனையாளரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஊசி முனையிலுள்ள வைரம் எப்படித் தேயும் என்று கேட்பவர்கள் ஊர்க் கிணற்றின் கல்விளிம்பில் கயிறு பதித்த தடத்தைப் பார்த்ததில்லை போலும். நீள்வட்ட முனைக்கு 300 மணி நேரம், கோள முனைக்கு 500 மணி நேரம் என்று ஆடியோ டெக்னிகா நிறுவனமே கணக்குச் சொல்கிறது. ஓர் எல்.பி. இருபக்கமும் சேர்த்து 40 நிமிடம் என்றால், 300 மணி நேரம் என்பது 450 முறை. நாளுக்கு ஒரு தட்டு கேட்பவருக்கு ஒன்றேகால் ஆண்டுகூட நிறையாது.

இதைவிட என்னைச் சோர்வடையச் செய்வது, ஊசி தட்டை அழுத்தும் எடை பற்றிய நம்பிக்கை. தட்டு தேயக் கூடாது என்று அந்த இளைஞர் 2 கிராம் வைக்க வேண்டிய ஊசிக்கு 1 கிராம்தான் வைத்திருந்தார். எடை குறைந்தால் தேய்மானம் குறையும் என்பது கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் குரல் உச்சத்துக்குப் போகும்போதும் ‘ஸ’கரம் வரும்போதும் பள்ளத்தின் சுவர் நெளியும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல், எடை போதாத ஊசி சுவரை விட்டு எழும்பி, மறு நொடிக்குள் மீண்டும் சுவரில் மோதுகிறது. ஒழுங்காக அழுத்திச் செல்லும் ஊசியைவிட, இப்படித் துள்ளித் துள்ளி மோதும் ஊசிதான் வினைலைச் சிதைக்கிறது. ஆகவே தயாரிப்பாளர் 1.8 முதல் 2.2 கிராம் என்று சொன்னால் 2 கிராம் வையுங்கள். ஐயமிருந்தால் சற்றுக் கூடுதலாக வையுங்கள், ஒருபோதும் குறைக்காதீர்கள். இதற்கு நேர்மாறாக, ஊசி தாவுகிறது என்று ஊசிக்கு மேலே ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டிக்கொண்டு வருபவர்களும் உண்டு. எந்த ஆண்டு நாணயமானாலும் 3 கிராமுக்குக் குறையாது. 2 கிராம் 5 கிராமைத் தாண்டிவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஊசியைத் தாங்கும் கையின் பின்முனையிலுள்ள எடைக்கல்லின் எண்களை நம்பி உட்காராமல், சிறிய டிஜிட்டல் ஊசித் தராசு ஒன்றை வாங்கி அளந்துவிடுங்கள். மேம்படுத்தப் பணம் இருந்தால் முதலில் ஊசிக்குப் போடுங்கள். ஆடியோ டெக்னிகா வி.எம். 95 வரிசை கார்ட்ரிட்ஜ் என்றால், உடலை மாற்றாமலே எளிய கோள முனையிலிருந்து நுட்பமாகத் தீட்டிய ஷிபாட்டா முனை வரை ஊசியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கேபிளுக்கு அவசரமில்லை.

ஜப்பானிய உள்நாட்டுக் கருவி 100 வோல்ட்டுக்கு உரியது என்பதைப் பின்பக்கத்தில் படித்துப் பாராமல் நம் 230 வோல்ட்டில் செருகிவிட்டுப் புகையோடு வருபவர்களின் கதை தனி. அமெரிக்காவிலிருந்து வந்த பழைய பெல்ட் வகைக் கருவிகள் சிலவற்றில் மோட்டார் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நம்பிச் சுழல்வதால், இங்கே 33⅓ சுற்று ஏறத்தாழ 28 ஆகிவிடும்; பாடகி பாடுவது பாடகர் பாடுவதுபோல் கேட்கும்.

அந்த இளைஞரிடம் இன்னும் ஓட்டாத பதினொரு தட்டுகள் மீதியிருக்கின்றன. புதிய ஊசி வரும்வரை அவற்றை உறையிலிருந்து எடுக்க வேண்டாம் என்று சொல்லி, தேய்ந்த ஊசியை என்னிடமே வைத்துக்கொண்டு கருவியைத் திருப்பிக் கொடுத்தேன்.