சுவரில் நிற்கும் உங்கள் உருவம் எங்கிருந்து வருகிறது?

இருட்டான கூடத்துக்குள் நுழைகிறீர்கள். எதிர்ச்சுவரில் சிதறிக் கிடந்த ஒளித்துகள்கள் திரண்டு ஓர் ஆள் உருவமாகின்றன. நீங்கள் கையைத் தூக்கினால் அதுவும் தூக்குகிறது. காற்றில் கூடிக்கொண்டே வரும் கரியமில வாயுவின் அளவுக்கு ஏற்ப அதன் உடம்பெங்கும் நீலமும் சிவப்பும் ஓடுகின்றன. அடையாளம், தொழில்நுட்பம், சூழல் மாற்றம் மூன்றையும் ஒரே படைப்பில் பேச நினைக்கும் டிஜிட்டல் கலைஞர்கள் அடிக்கடி நாடும் அமைப்பு இது. இதன் வேர் 1970களில் இருக்கிறது. மைரன் க்ரூகர் என்ற அமெரிக்கர், கேமராவில் பிடித்த பார்வையாளரின் நிழலுருவைத் திரையில் விட்டு, கணினி வரைந்த உருவங்களோடு அதை விளையாட வைத்தார்.

இருட்டில் நிற்கும் உங்களைக் கருவி எப்படிக் காண்கிறது? கூடத்தில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி பாய்ந்துகொண்டிருக்கிறது. உங்கள் மேல் பட்டு அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு கேமரா தூரத்தைக் கணிக்கிறது. ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குதான் நானோநொடி. அதற்குள் ஒளி ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் போய்விடும். நீங்கள் மூன்று மீட்டர் தள்ளி நின்றால் ஒளி போய்த் திரும்ப 20 நானோநொடி. இவ்வளவு சிறிய இடைவெளியை நேராக அளப்பது கடினம் என்பதால், பல கேமராக்கள் ஒளியைச் சீரான அலையாக ஏற்றி இறக்கி அனுப்புகின்றன. திரும்பி வரும் அலை எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதிலிருந்து தூரம் தெரிந்துவிடுகிறது. இதை ஒவ்வொரு பிக்சலுக்கும், நொடிக்கு முப்பது முறை செய்கின்றன. கிடைப்பது நிறமோ முகமோ இல்லாத, மேடு பள்ளங்கள் மட்டும் கொண்ட ஒரு நில வரைபடம் போன்ற படம்.

அந்த மேடு பள்ளத்தில் எது தோள், எது முழங்கை? 2010இல் விற்பனைக்கு வந்த கினெக்ட் என்ற விளையாட்டுக் கருவி இதற்கு ஓர் அழகான விடை வைத்திருந்தது. உடலை 31 பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பிக்சலையும் எடுத்து, சற்றுத் தள்ளியிருக்கும் புள்ளிகளின் ஆழத்தோடு ஒப்பிட்டு, அது எந்தப் பகுதி என்று ஊகிக்கும். அந்த ஊகங்கள் குவியும் இடங்களில் மூட்டுகளை நட்டால் எலும்புக்கூடு தயார். ஊகிக்கக் கற்றுக்கொடுக்க, கணினியிலேயே உருவாக்கிய ஏராளமான ஆழப் படங்களை அதற்கு ஊட்டினார்கள்.

என்னை அதிகம் உறுத்துவது இந்த இடம்தான். கருவி கற்ற உடல்கள் எவையோ அவற்றைத்தான் அது உடல் என்று அறியும். சக்கர நாற்காலியில் வருபவரின் எலும்புக்கூடு தடுமாறலாம். தளர்ந்த நீள உடைக்குள் கால்கள் காணாமல் போகலாம். முகத்தைப் படிக்கும் மென்பொருளில் இந்தக் குறையை அளந்தே காட்டியிருக்கிறார்கள். எம்.ஐ.டி.யில் ஆய்வு செய்த ஜாய் புவோலம்வினியின் கரிய முகத்தை ஒரு மென்பொருள் முகமென்றே ஏற்கவில்லை. வெள்ளை முகமூடியை மாட்டியதும் ஏற்றுக்கொண்டது. அவரும் டிம்னிட் கெப்ருவும் 2018இல், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் அது 34.7 சதவீதம் வரை போனது. அடையாளம் பற்றிய ஒரு படைப்பு, வாசலில் நிற்கும் ஒருவரைக் காணவே மறுத்தால், அந்தப் படைப்பு தன் பொருளைப் பற்றித் தானே சாட்சி சொல்லிவிடுகிறது. இந்தத் தடுமாற்றத்தை மறைக்காமல் காட்சியின் பகுதியாகவே வைக்கும் கலைஞர்கள் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு.

இனி அந்த நிறம். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958 முதல் காற்றில் கரியமில வாயுவை அளந்து வருகிறார்கள். தொடங்கியவர் சார்லஸ் கீலிங். அப்போது பத்து லட்சம் மூலக்கூறுகளில் சுமார் 315; இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. இந்த எண்களுக்கு நிறம் பூச ஓர் அளவுகோல் வேண்டும். 0 முதல் 500 வரை என்று வைத்தால் 1958 அளவுகோலின் 63 சதவீதத்தில் விழும். 420 என்பது 84இல். நிறம் மெல்லத்தான் மாறும். 310 முதல் 430 வரை என்று வைத்துப் பாருங்கள்: முன்னது 4 சதவீதம், பின்னது 92. அதே தரவு, ஆனால் சுவர் ஆழ்நீலத்திலிருந்து செந்தழலுக்குத் தாவுகிறது. இரண்டிலும் பொய் இல்லை. ஆனால் பார்ப்பவரின் நெஞ்சு படபடப்பதைத் தீர்மானிப்பது நிரலில் எழுதிய இந்த இரண்டு எண்கள். என்னைக் கேட்டால் அடியில் 280ஐ வைப்பேன். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் இருந்த அளவு ஏறத்தாழ அதுதான் என்பதால் அந்த எண்ணுக்கு ஒரு பொருள் உண்டு. எந்த அளவுகோலை வைத்தாலும் அதைச் சுவரின் ஓரத்தில் எழுதி வைக்க வேண்டும்.

பார்வையாளரை அளக்காமலே காலத்தோடு ஓடும் படைப்புகளும் உண்டு. ஜான் ஜெரார்டின் 'வெஸ்டர்ன் ஃபிளாக்' 2017இல் வந்தது. 1901இல் எண்ணெய் பீறிட்டெழுந்த டெக்சாஸின் ஸ்பிண்டில்டாப் வெளியில் ஒரு கம்பம். அதன் உச்சியிலிருந்து பீறிடும் கரும்புகையே கொடியாகப் பறக்கிறது. பார்ப்பதற்குப் படம்பிடித்த காட்சி போலிருக்கும். ஆனால் ஒவ்வொரு சட்டகத்தையும், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்தையும், கணினி அந்தக் கணத்தில்தான் கணித்து வரைகிறது. ஸ்பிண்டில்டாப்பில் சூரியன் எழும்போது திரையிலும் எழுகிறது. அதற்குத் தொடக்கமும் முடிவும் கிடையாது.

உங்கள் உருவமும் அப்படிக் கணத்துக்குக் கணம் கணிக்கப்படுவதுதான். ஒவ்வொரு துகளுக்கும் ஓர் இலக்கு: எலும்புக்கூட்டின் மிக அருகிலுள்ள மூட்டு. அதை நோக்கி ஓர் இழுவிசை, கொஞ்சம் உராய்வு, உயிருள்ளதுபோல் தோன்றச் சீரற்ற ஒரு சிறு அசைவு. நீங்கள் வெளியேறியதும் மூட்டுகளின் பட்டியல் காலியாகிறது. இழுவிசை பூஜ்யமாகிவிட, துகள்கள் வந்த வேகத்திலேயே சற்று நேரம் மிதந்து, உராய்வில் தேய்ந்து, சுவரெங்கும் பரவுகின்றன. யாரும் சேமித்து வைக்காதவரை, நினைவகத்தில் நீங்கள் நின்ற இடத்தின் மீது அடுத்த சட்டகத்தின் வெற்றுத் தரை எழுதப்பட்டுவிடுகிறது.