நடுவயதில் மீண்டும் நெடுந்தூர சைக்கிள்: மூச்சு சீக்கிரம் தேறும், முட்டி தேற மாதங்கள் ஆகும்

இளவயதில் சாதாரணமாக 100 கி.மீ. ஓட்டியவர்கள் பதினைந்து இருபது வருடம் கழித்து மறுபடி சைக்கிள் ஏறுகிறார்கள். உடம்பு முதல் வாரத்தில்தான் முரண்டு பிடிக்கும் என்பது பலரின் எண்ணம். இயன்முறைச் சிகிச்சைக்கு வருகிறவர்களைப் பார்த்தால், வலி பெரும்பாலும் ஆறாவது, எட்டாவது வாரத்தில்தான் தொடங்குகிறது. மூச்சிரைப்பு குறைந்து, பழைய தெம்பு வந்துவிட்டதென்று நம்பி, 30 கி.மீ.யை ஒரே தாவலில் 80 ஆக்கிய வாரம் அது.

இதற்குக் காரணம் உண்டு. பயிற்சி தொடங்கிய ஓரிரு வாரங்களிலேயே ரத்தத்தின் நீரளவு கூடி, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தைத் தள்ள ஆரம்பிக்கிறது. தசைகளும் சில வாரங்களில் பழகிவிடும். ஆனால் தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு. கூடுதல் சுமைக்கு ஏற்ப அவை இறுக மாதக்கணக்கில் ஆகும், வயது ஏற ஏற இன்னும் தாமதமாகும். ஆகவே எவ்வளவு தூரம் ஓட்டலாம் என்பதை மூச்சை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். முதல் நான்கு மாதமாவது முட்டிதான் அளவுகோல்.

அதற்கும் முன்னால் இதயம். 35 வயதுக்கு மேல் உடற்பயிற்சியின்போது நேரும் திடீர் மரணங்களுக்கு முக்கியக் காரணம் இதய ரத்தக்குழாய் அடைப்பு. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம், இளவயதில் மாரடைப்பு வந்த நெருங்கிய உறவினர், இவற்றில் ஏதேனும் இருந்தால் கடும் பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பாருங்கள். படுத்த நிலையில் எடுத்த ஈ.சி.ஜி. சரியாக இருப்பது மட்டும் போதாது. தேவையென்றால் டிரெட்மில் சோதனை போன்றவற்றை அவர் சொல்வார். ஓட்டும்போது நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ தோளுக்கோ பரவும் வலி, மயக்கம், வழக்கமான ஏற்றத்தில் வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல் வந்தால் அப்போதே இறங்கி உதவிக்கு அழையுங்கள். 'வீடு வரை மெதுவாகப் போய்விடலாம்' என்ற கணக்கு வேண்டாம்.

முட்டி வலியில் பெரும்பங்கு சீட்டில்தான் தொடங்குகிறது. இளமையில் வைத்த அதே உயரத்தை இன்றும் வைத்தால் பொருந்தாது, ஏனென்றால் தொடையின் பின்தசை இப்போது அவ்வளவு நீளாது. சுவரோரம் சைக்கிளை நிறுத்தி, ஓட்டும்போது போடுகிற ஷூவோடு ஏறி உட்காருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுபோய்க் குதிகாலை அதன்மேல் வையுங்கள். இடுப்பு ஒரு பக்கமாகச் சாயாமல் முட்டி நேராக நீண்டால் உயரம் ஏறக்குறைய சரி. பிறகு பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால் முட்டி 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருக்கும். பின்னாலிருந்து ஒருவரை மொபைலில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மிதிக்கும்போது இடுப்பு இடமும் வலமும் ஆடினால் சீட் உயரம் அதிகம்.

வலி எங்கே என்பதே பாதி விடை. முட்டிச் சில்லின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாகவோ அதிகம் முன்னால் தள்ளியோ இருக்கலாம், அல்லது கனமான கியரில் அழுத்தி மிதிக்கிறீர்கள். முட்டிக்குப் பின்னால் இழுத்தால் சீட் உயரமாகவோ அதிகம் பின்னாலோ இருக்கும். உள்பக்கமோ வெளிப்பக்கமோ வலித்தால் ஷூவின் அடியில் அதைப் பெடலோடு பூட்டும் கிளீட்டின் கோணத்தைப் பாருங்கள். பாதத்தை அதன் இயல்பான திசைக்கு மாறாகத் திருப்பி வைத்திருந்தால் முட்டி முறுக்கிக்கொண்டே சுழலும். மாற்றம் எதுவானாலும் ஒரு தடவைக்கு ஒன்றுதான், அதுவும் 2 அல்லது 3 மி.மீ. மட்டும். சீட் கம்பியில் பழைய உயரத்தில் டேப் ஒட்டிக்கொண்டு, இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். சீட்டையும் கிளீட்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

கியர் விஷயத்தில் வயதுக்கு மதிப்புக் கொடுங்கள். ஒரே வேகத்தைப் பெடல் நிமிடத்துக்கு 60 சுற்றிலும் கொண்டுவரலாம், 90 சுற்றிலும் கொண்டுவரலாம். செய்கிற வேலை ஒன்றுதான். ஆனால் 90 சுற்றில் ஒவ்வொரு மிதிக்கும் தேவைப்படும் விசை மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அந்த மூன்றில் ஒரு பங்கு அப்படியே முட்டிக்கு மிச்சம். சமதரையில் 80 முதல் 90 சுற்று என்று பழகுங்கள். பழைய ரோடு சைக்கிள்களில் பெடலோடு சுழலும் முன் பல்வட்டில் 39 பல், பின்சக்கரப் பல்வட்டில் 25 பல் என்பதே மிக லேசான கியராக இருக்கும். ஏற்றத்தில் அது முட்டியைப் பிழியும். முன்னால் 34, பின்னால் 34 வருகிற அமைப்புக்கு மாற்ற முடிந்தால், இந்த வயதில் செய்யக்கூடிய மிக நல்ல செலவு அதுதான்.

அடுத்து மரத்துப் போவது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால், உள்ளங்கையின் அடிப்பகுதியில் போகும் அல்நார் நரம்பு ஹேண்டில்பாரில் நசுங்குகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் மணிக்கட்டின் நடு நரம்பு. பஞ்சு வைத்த கையுறை ஓரளவுதான் உதவும். ஹேண்டில்பார் தாழ்ந்திருப்பதும், சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சரிந்து உடல் எடை முழுவதையும் கைக்குத் தள்ளுவதும்தான் பெரும்பாலும் மூலகாரணம். ஹேண்டில்பாரை ஒன்றிரண்டு செ.மீ. உயர்த்துங்கள் அல்லது அதைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெம்மைக் குட்டையாக்குங்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள், மணிக்கட்டை மடக்காமல் நேராக வையுங்கள்.

தொடைகளுக்கு இடையே மரப்பதைச் சொல்லக் கூச்சப்பட்டு மாதக்கணக்கில் மறைப்பவர்கள் ஆண்களிலும் உண்டு, பெண்களிலும் உண்டு. தயவுசெய்து மறைக்காதீர்கள். அங்கே நரம்பும் ரத்தக்குழாயும் அழுந்துகின்றன. உட்காரும் எலும்புகள் இரண்டும் சீட்டின் மேல் தாங்கும் அளவுக்கு அதன் அகலம் இருக்க வேண்டும். அதிக மெத்தையுள்ள சீட் சுகமாகத் தோன்றினாலும், எலும்பு அமிழ்ந்து நடுப்பகுதி மேலெழும்பி அழுத்துவதால் நீண்ட தூரத்துக்குக் கெடுதல். 10, 15 நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நில்லுங்கள். பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை வேண்டாம், தையல் உரசிப் புண்ணாக்கும். ஓட்டி முடித்ததும் ஈர ஷார்ட்ஸை உடனே கழற்றிவிடுங்கள். இறங்கிய பிறகும் மரப்பு நீடித்தால், சீட்டைச் சரிசெய்யும் வரை சைக்கிளைத் தொட வேண்டாம். ஆண்கள் கவனிக்க: புராஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய 48 மணி நேரம் சைக்கிள் ஓட்டாதீர்கள், அளவு கூடிக் காட்டக்கூடும்.

பயிற்சி எப்படி? முதல் மாதம் வாரம் மூன்று முறை, தலா 45 முதல் 60 நிமிடம், சமதரையில், முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில். இரண்டாம் மாதத்திலிருந்து வாரத்தில் ஒன்றை மட்டும் 10, 15 நிமிடம் நீட்டுங்கள். நான்காவது வாரம்தோறும் மொத்த நேரத்தை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். அந்தக் குறைப்பு வாரத்தைத்தான் எல்லோரும் வீணென்று தாண்டுகிறார்கள். தசைநாண் தேறுவதே அப்போதுதான். தூரமும் ஏற்றமும் ஒரே வாரத்தில் கூட வேண்டாம். உச்ச நாடித்துடிப்பை 220 கழித்தல் வயது என்று கணக்கிடுவோர், தனி மனிதருக்கு அது 10, 12 துடிப்பு முன்பின் போகும் என்பதை மறக்க வேண்டாம். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து எடுப்போருக்கு அந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது, பேச்சு சோதனைதான் வழி.

வயதான உடம்பு பயிற்சிக்கு வளைந்து கொடுக்காதோ என்ற கவலை வேண்டாம். பிரான்சின் முதிய சைக்கிள் வீரர் ரொபேர் மார்ஷானை உடலியல் ஆய்வாளர்கள் 101 முதல் 103 வயது வரை தொடர்ந்து அளந்தார்கள். பெரும்பாலும் லேசாகவும் கொஞ்சம் கடுமையாகவும் ஓட்டிய அந்த இரண்டு ஆண்டுகளில் அவர் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் 13 சதவீதம் உயர்ந்தது.

சைக்கிள் மட்டும் ஓட்டினால் போதாது. உடல் எடையைச் சீட் தாங்குவதால் எலும்புக்கு வேலை இல்லை. வாரம் இரண்டு நாள் ஸ்குவாட், ஒற்றைக்கால் படி ஏற்றம், குதிகால் தூக்கல், பிளாங்க் செய்யுங்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது கட்டாயம் என்றே சொல்வோம்.

வருடக்கணக்கில் மூலையில் நின்ற சைக்கிள் என்றால் டயரின் பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா, பிரேக் ரப்பர் கல்லாகிவிட்டதா, கேபிள் இழை பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். செயினை ஸ்கேலால் அளக்கலாம்: ஒரு ஊசியின் மையத்தில் பூஜ்ஜியத்தை வைத்தால் 24-வது கண்ணியின் ஊசி சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். 1/16 அங்குலம் தாண்டியிருந்தால் செயினை மாற்றுங்கள். வாசிப்புக் கண்ணாடி போடுகிறவர்கள் பஞ்சர் பையில் அதையும் ஒன்று வையுங்கள். டயரில் சிக்கிய முள்நுனி தெரியாவிட்டால் புது டியூபும் அங்கேயே ஓட்டையாகும்.

90 நிமிடம் தாண்டும் பயணத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை, பசி வருமுன்பே தொடங்குங்கள். தண்ணீர் மணிக்கு அரை லிட்டரில் ஆரம்பித்து வெயிலுக்கும் வியர்வைக்கும் ஏற்பக் கூட்டுங்கள். கிளம்பும் முன்னும் திரும்பிய பின்னும் எடை பாருங்கள். 2 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் குடித்தது போதவில்லை. எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள்; ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போவது உயிருக்கே ஆபத்து.

பிரெவே போன்ற, குறித்த அவகாசத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரப் பயணங்களில் 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம் அவகாசம், அதாவது நிறுத்தங்களையும் சேர்த்து மணிக்கு 15 கி.மீ.க்கும் சற்றுக் குறைவு. வேகம் தேவையில்லாத இலக்கு அது. நடுவயதுக்காரர்களுக்கு மிகவும் ஏற்றது.

மருந்து எடுப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். இன்சுலின், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு எடுப்பவர்களுக்கு ஓட்டும்போது மட்டுமில்லை, அன்றிரவு தூக்கத்திலும் சர்க்கரை தாழலாம். நீண்ட பயண நாளின் மருந்தளவை மருத்துவரிடம் முன்பே கேளுங்கள், குளுக்கோஸை எட்டும் பாக்கெட்டில் வையுங்கள். வலி வராமலிருக்க முன்கூட்டியே இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். உடலில் நீர் வற்றிய நேரத்தில், அதிலும் ரத்த அழுத்த மாத்திரைகளோடு சேரும்போது, சிறுநீரகத்தைத் தாக்கும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் விழுந்து தலையில் அடிபட்டால், ஹெல்மெட் இருந்தாலும் வெளிக்காயம் தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருந்துகளின் பெயரும் அளவும், அழைக்க வேண்டிய எண்ணும் எழுதிய ஒரு தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எப்போதும் உடுப்பின் பாக்கெட்டில் வைத்திருங்கள். சைக்கிள் பையில் வைத்தால் விழுந்த இடத்தில் அது உங்களோடு ஆம்புலன்ஸில் ஏறாது.