அருகில் வந்தால் மட்டும் தெரிகிற வாசனை

முகூர்த்த நாட்கள் நெருங்கி வரும் தை, வைகாசி மாதங்களில் கும்பகோணத்தில் உள்ள என் தோல் கிளினிக்குக்கு ஆண்கள் வருவது கூடிவிடும். கழுத்தில் தடிப்பு, அக்குளில் அரிப்பு, காதுக்குக் கீழே கோடு இழுத்த மாதிரி கருமை. விசாரித்தால் நிறைய பேருக்குக் காரணம் செண்டாக இருக்கும். அதனால் செண்டே வேண்டாம் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. நல்ல வாசனை எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆனால் எட்டடி தூரத்தில் நிற்பவருக்கும் தெரிய வேண்டும் என்று அடித்துக்கொள்வதை விட்டு, பக்கத்தில் வந்து பேசுகிறவருக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்ற பழக்கத்துக்கு நம் ஊர் ஆண்கள் வர வேண்டும். அது ரசனைக்கும் நல்லது, தோலுக்கும் நல்லது.

அளவு ஏன் மீறுகிறது என்றால், நம் மூக்கு அப்படி. ஒரே வாசனை தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் மூக்கு அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். பூக்கடையில் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள், மல்லிகை வாசனை அவருக்குத் தெரியாது. செண்டும் அப்படித்தான். போட்டவருக்குத் தெரியவில்லை, ‘போய்விட்டது’ என்று நினைத்து மறுபடி அடிக்கிறார். மண்டபத்தில் பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தலைவலி வருகிறது. ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சே இழுக்கும். இத்தனைக்கும் நம் டெல்டாவின் வெயிலும் புழுக்கமும் வாசனையை ஏற்கெனவே தூக்கிக் காட்டும். குளிர் நாட்டில் நான்கு முறை அடிக்கிற செண்ட் இங்கே இரண்டோடு நின்றால் தாராளம்.

அடக்கமான செண்ட் எது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது பிரான்ஸைச் சேர்ந்த கெர்லான் நிறுவனத்தின் வெட்டிவேர் செண்ட். ஆறு பத்தாண்டுகளாக ஆண்கள் விரும்பிப் போடுவது. கெர்லான் 1828-ல் பாரிஸில் தொடங்கிய வாசனைக் குடும்பம். இந்தச் செண்டை உருவாக்கியவர் அந்தக் குடும்பத்தின் ழான் போல் கெர்லான். அடித்தவுடன் எலுமிச்சை வகையின் புளிப்பு மணம் வரும். அது சீக்கிரம் போய்விடும், போகத்தான் வேண்டும். பிறகு ஜாதிக்காயும் மிளகும் லேசாக எட்டிப் பார்க்கும், கூடவே புகையிலையின் உலர்ந்த வாடை. அதற்கப்புறம் மணிக்கணக்கில் தங்குவது வேர்தான். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டு, காய்ந்து கிடந்த வயலில் முதல் நனைப்பு விழும்போது எழுமே, அந்த மண்வாசனைக்குப் பக்கத்தில் வரும் மணம் அது. இனிப்பே கிடையாது. யாரையும் கூப்பிடாது.

நமக்கு இது அந்நியமான மணமும் இல்லை. கொள்ளிடத்துக்கு வடக்கே கடலூர் கடலோரத்து மணல் நிலத்தில் வெட்டிவேர் பயிராகிறது. பானைத் தண்ணீரில் போடுகிறோம், விசிறியாகப் பின்னுகிறோம், தஞ்சாவூர்க் கதம்பத்தில் மரிக்கொழுந்தோடு சேர்த்துக் கட்டுகிறோம். எண்ணெய் வேருக்குள் இருப்பதால் அதை வடித்தெடுக்க நீண்ட நேரம் ஆவியில் வாட்ட வேண்டும். அந்த எண்ணெயின் மூலக்கூறுகள் கனமானவை, மெதுவாகத்தான் ஆவியாகும். எலுமிச்சை மணம் பறந்து போவதும் வேர் மணம் சட்டையில் மறுநாள் வரை நிற்பதும் இதனால்தான்.

கெர்லான் கைக்கு எட்டாத விலை என்று தோன்றினால் வேறு வழி உண்டு. உத்தரப் பிரதேசத்தின் கன்னோசியில் செம்புப் பானையில் வடிக்கும் வெட்டிவேர் அத்தரும் நல்ல பொருள்தான். ஆனால் அது அடர்ந்த எண்ணெய். நேரடியாகத் தோலில் தேய்க்கக் கூடாது, பஞ்சில் தொட்டுக் காது மடலில் வைக்கவும் கூடாது. அந்த இடத்தில் தடிப்போடு வந்த பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். துணியில் ஒரு பொட்டு போதும்.

இன்னும் மென்மையாக வேண்டுமா, கொலோன் வகைக்குப் போங்கள். ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் 1709-ல் தொழில் தொடங்கிய ஃபரீனா குடும்பத்திலிருந்து வந்த வகை இது. காய்ச்சலுக்குக் கைக்குட்டையில் நனைத்து நெற்றியில் போடுவார்களே, யூடிகோலன், அதுதான். இதில் வாசனை எண்ணெய் பொதுவாக 2 முதல் 5 சதவீதம். அதற்கடுத்த ‘ஓ து துவாலெத்’ வகையில் 5 முதல் 15, ‘ஓ து பர்ஃபம்’ வகையில் 15 முதல் 20 சதவீதம் என்று தோராயமாகச் சொல்லலாம். 1966-ல் எட்மோன் ரூட்னிட்ஸ்கா டியோர் நிறுவனத்துக்காகச் செய்த ‘ஓ சவாஜ்’ துவாலெத் வகைக்கு அழகான உதாரணம். எலுமிச்சையும் ஹெடியோன் என்ற பொருளின் மெல்லிய மல்லிகைச் சாயலும் சேர்ந்து, குளித்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். புட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். சதவீதம் கூடக்கூடத் தரம் கூடுகிறது என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, இனி தோல்.

செண்ட் ஒவ்வாமையில் என்னிடம் அடிக்கடி வரும் வாக்கியம் இது: “இத்தனை வருஷமா இதையேதான் போடறேன் டாக்டர், இப்ப எப்படி ஒத்துக்காமப் போகும்?” ஒவ்வாமை அப்படித்தான் வரும். பல வருடம் சும்மா இருந்த உடல் ஒரு நாள் அந்தப் பொருளை எதிரியாகப் பதிவு செய்துகொள்ளும். பதிந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் இருக்கும். இன்னொரு சிக்கல், தடிப்பு உடனே வராது, ஒன்றிரண்டு நாள் கழித்து வரும். அதற்குள் வீட்டில் பழி கல்யாணச் சாப்பாட்டின் கத்திரிக்காய் மேல் விழுந்திருக்கும். பாவம் கத்திரிக்காய்க்கு இதில் சம்பந்தம் இருப்பது அபூர்வம்.

அக்குளில் வந்தால் எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள். குழியின் நடுவில் என்றால் டியோடரண்ட் மேல்தான் முதல் சந்தேகம். குழியை விட்டுவிட்டு ஓரத்தில் சுற்றி வந்திருந்தால் புதுச் சட்டையின் சாயமாக இருக்கலாம். முகூர்த்தத்துக்கு எடுத்த சட்டையைத் துவைக்காமல் போடுவது நம் வழக்கம், அதனால் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். எந்தப் பொருள் என்று உறுதி செய்ய, சந்தேகமான பொருட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்கிறோம். இரண்டு நாள் ஒட்டியிருக்க வேண்டும், அதுவரை முதுகில் தண்ணீர் படக் கூடாது, எடுத்த பிறகும் ஓரிரு நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சித்திரை வியர்வையில் ஒட்டியது நிற்காது. அவசரமில்லாதவர்களை மார்கழிக்கு வரச் சொல்லிவிடுவேன்.

கழுத்துக் கோடு வேறு கதை. செண்டில் சேர்க்கும் பெர்கமாட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் எண்ணெயில் பெர்காப்டன் என்ற பொருள் இருக்கும். அது பட்ட தோலில் வெயில் விழுந்தால், செண்ட் வழிந்த பாதையிலேயே கருமை படியும், மாதக்கணக்கில் போகாது. பெயருள்ள நிறுவனங்கள் அந்தப் பொருளை நீக்கிய எண்ணெயைத்தான் இப்போது பயன்படுத்துகின்றன. லூசில் ஊற்றிக் கொடுக்கும் செண்டில் என்ன இருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்? பழைய செண்டுகளுக்கு ஆழம் கொடுத்த, ஓக் மரத்தில் படரும் ஓக் பாசியிலும் இப்படி ஒரு சிக்கல் இருந்தது. அதில் கடும் ஒவ்வாமை தரும் அட்ரனால், குளோரோ அட்ரனால் இரண்டையும் ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் சட்டம் போட்டுத் தடை செய்தது. பழைய செண்ட் முன்னே மாதிரி இல்லை என்று ரசிகர்கள் வருத்தப்படுவதில் நியாயம் உண்டு. அந்த மாற்றத்தால் தப்பித்த கழுத்துகளையும் நினைத்துப் பார்க்கிறேன்.

அரிப்பு வந்தால் மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த க்ரீமை வாங்கித் தடவாதீர்கள். இரண்டு நாள் அடங்கும். தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்து, சிறிய பிரச்சினை பெரிதாகிவிடும். செண்டை நிறுத்திவிட்டு வாருங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

புதுச் செண்ட் வாங்கினால் முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒரே இடத்தில் காலையும் மாலையும் ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். சிவந்தால், அரித்தால் அது உங்களுக்கு இல்லை. ஷேவ் செய்த கையோடு கழுத்தில் அடிக்காதீர்கள். பிளேடு பட்ட தோலில் ஆல்கஹால் எரியும், ஒவ்வாமைக்கும் கதவு திறக்கும். வியர்வை நாற்றத்தை மறைக்கச் செண்ட் போடுவதும் வீண். அந்த நாற்றம் அக்குளில் உள்ள பாக்டீரியாவால் வருவது, அதற்குக் குளியலும் துவைத்த பனியனும்தான் மருந்து. குளித்துத் துவட்டி, பனியனின் நெஞ்சுப் பக்கம் ஒரு ஸ்ப்ரே, அதன் மேல் இன்னொன்று, அவ்வளவுதான். வெட்டிவேர் செண்டுக்கு நிறம் உண்டு என்பதால் வெள்ளை வேட்டியிலும் பட்டிலும் நேராக அடிக்காதீர்கள், கறை போகாது. கிளினிக் நேரத்தில் நான் எதுவுமே போடுவதில்லை; நோயாளியின் முகத்தருகே குனிய வேண்டிய வேலை இது. சாயங்காலம் வெளியே கிளம்பும்போது இரண்டு ஸ்ப்ரே.

புட்டியை எங்கே வைக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். பைக் பெட்டி, கார் டேஷ்போர்டு, வெயில் விழும் ஜன்னல் மூன்றும் வேண்டாம். வெயிலும் காற்றும் பட்டால் எலுமிச்சை மணம் தரும் லிமோனீனும் பூ மணம் தரும் லினலூலும் ஆக்சிஜனோடு சேர்ந்து, புதிதாக இருந்தபோது இல்லாத அளவுக்கு ஒவ்வாமை தரும் பொருளாக மாறுகின்றன. மூடி இறுக்கி, அலமாரிக்குள், அட்டைப் பெட்டியோடு வையுங்கள். திறந்து பல வருடமாகி, அடித்தவுடன் வரும் மணம் புளித்துப் போயிருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் அதைத் தோலில் போடாதீர்கள்.