சோம்பேறி என்று அழைத்து வரப்பட்ட பையன்

எட்டு வயதுப் பையன். "நல்லாப் பேசுறான், விளையாடுறான். புத்தகத்தை எடுத்தா மட்டும் சோம்பேறித்தனம். நீங்கதான் புத்தி சொல்லணும்" என்று உளவியலாளரான என்னிடம் சொன்னார் அவன் அம்மா.

நான் புத்தி சொல்லவில்லை. சின்னக் கதை ஒன்றை வாசிக்கக் கொடுத்தேன். சொல்லுக்குக் கீழே விரலை வைத்து எழுத்தெழுத்தாக நகர்ந்தான். மூன்றாம் வரிக்குப் போக வேண்டிய விரல் மறுபடி முதல் வரிக்கே போனது. அப்புறம் அதே கதையை நான் வாசித்துக் காட்டிக் கேள்வி கேட்டேன். ஒன்றுவிடாமல் பதில் சொன்னான், நான் கேட்காததையும் சேர்த்து. அவனுக்கு விஷயம் நன்றாகவே புரிகிறது, எழுத்தை ஒலியாக மாற்றுவதில்தான் சிக்கல். முறையான சோதனைகளில் அது டிஸ்லெக்சியா என்று உறுதியானது.

உளவியல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு அந்த அரைமணி நேரத்தைத்தான் சொல்வேன். மனத்தை நேரில் பார்க்க முடியாது. ஒருவர் செய்வதையும் சொல்வதையும் தடுமாறுவதையும் கவனித்து, சோதித்து, உள்ளே நடப்பதை அறியும் அறிவியல் இது. முகத்தைப் பார்த்து மனசைப் படிக்கிற வித்தை எங்களிடம் இல்லை. 1879-ல் வில்ஹெல்ம் வுண்ட் ஜெர்மனியின் லைப்சிக்கில் ஆய்வகம் அமைத்தபோது, அதுவரை தத்துவத்தின் பகுதியாக இருந்த இது தனித்துறை ஆனது.

அவரிடம் படித்த லைட்னர் விட்மர், 1896-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உளவியல் சிகிச்சை நிலையம் தொடங்கினார். விட்மரிடம் முதலில் வந்தவனும் எழுத்துக்கூட்டத் தெரியாமல் தவித்த ஒரு மாணவன்தான். சோதித்ததில் கண்ணிலும் கோளாறு இருப்பது தெரிந்தது.

விட்மர் தொடங்கிவைத்தது மருத்துவ உளவியல். பதற்றம், மனச்சோர்வு போன்றவை இதில் வரும். வயதுக்கு வயது மனிதர் மாறுவதைப் பார்ப்பது வளர்ச்சி உளவியல், கற்பதைப் பார்ப்பது கல்வி உளவியல். என்னிடம் வந்த எட்டு வயதுப் பையனுக்கு இந்த மூன்றும் தேவைப்பட்டன. நினைவு, கவனம் பற்றிய அறிதல் உளவியல், கூட்டத்தில் நாம் ஏன் வேறு ஆளாகிறோம் என்று கேட்கும் சமூக உளவியல், வேலையிடத்துக்கான நிறுவன உளவியல், மூளைக் காயத்துக்குப் பிறகு வரும் மாற்றங்களை அளக்கும் நரம்பு உளவியல் என்று கிளைகள் இன்னும் உண்டு.

ஒரு குழப்பத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். உளவியலாளர் பெரும்பாலும் சோதனை, பேச்சு, பயிற்சி வழியாக வேலை செய்பவர். கடுமையான மனச்சோர்வில் இரண்டு பேருமே தேவைப்படலாம். யாரிடம் போவது என்று தெரியாமல் மாதக்கணக்கில் வீட்டிலேயே தவித்தவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கனத்துப்போகும். இந்த இருவரில் யாரிடமாவது முதலில் போங்கள், சரியான ஆளிடம் அவர் அனுப்புவார்.

குழந்தையை அழைத்து வருகிறீர்களா? கண், காது இரண்டையும் பரிசோதித்துவிட்டு வாருங்கள். மதிப்பெண் அட்டையைவிட, அடித்தலும் திருத்தலுமாக இருக்கிற பழைய நோட்டுகள் எனக்கு அதிகம் உதவும்.