60 புகார், 6 புகார்: எந்த வார்டுக்கு முதலில் விளக்கு?

தெருவிளக்கு எரியவில்லை என்று ஒரு வார்டிலிருந்து 60 புகார், அடுத்த வார்டிலிருந்து 6. நகர்மன்றக் கூட்டத்தில் பணம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் முதல் வார்டில் 3,000 விளக்கு, இரண்டாவதில் 150 என்றால் பழுது 2 சதவீதம், 4 சதவீதம் என்றாகி வரிசை புரண்டுவிடும். அதுவும் ஒரு புகாருக்கு ஒரு விளக்கு என்று வைத்தால்தான். ஒரே கம்பத்துக்குப் பத்துப் பேர் போன் செய்திருப்பார்கள். கம்ப எண்ணைப் பார்த்து அவற்றை ஒன்றாக்கிய பிறகே எண்ண வேண்டும்.

இதைவிடப் பெரிய ஓட்டை, புகாரே வராத தெரு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 'ஸ்ட்ரீட் பம்ப்' என்றொரு செயலி வந்தது. கார் குலுங்கினால் கைபேசியே சாலைக் குழியைக் குறித்து அனுப்பும். காரும் ஸ்மார்ட்போனும் குறைவாக உள்ள பகுதியின் குழி அதில் எப்படி ஏறும் என்ற கேள்வியும் கூடவே வந்தது. மன்ற உறுப்பினரின் வீடு தேடி வரும் மனுக்களும் அப்படித்தான்: வேலையை விட்டுவிட்டு வர முடிந்தவர்களின் குறைதான் அவர் காதில் விழுகிறது.

எனவே, உறுப்பினர்களே, ஓர் இரவு நேரில் போய்ப் பாருங்கள். 150 விளக்கு என்றால் அத்தனையும். 3,000 என்றால் பத்துக்கு ஒன்று. முதல் பத்தில் எந்தக் கம்பத்தில் தொடங்குவது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். இல்லையென்றால் கால் தானாக மெயின் ரோட்டுக்குத்தான் போகும்.

மக்கள் கருத்தைக் கேட்பதிலும் இதே கதைதான். குலுக்கல் முறையில் தேர்ந்த 400 பேர், எல்லோரும் பதில் சொன்னால், பெரும்பாலும் ஏறத்தாழ 5 சதவீதப் புள்ளி பிழைக்குள் நிலவரம் சொல்லிவிடுவார்கள். ஆனால் 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில், குலுக்கலில் எடுக்காத 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை எண்ணி லாண்டன் வெல்வார் என்றது 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ், வென்றவர் ரூஸ்வெல்ட்.

ஒரு திட்டத்துக்கு அதிகாரிகள் தரும் குறிப்பில் கணக்கு எந்தத் தேதி வரை எடுத்தது, கைவிட்ட மாற்று வழிகள் எவை, பத்து ஆண்டுப் பராமரிப்புக்கு எவ்வளவு என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் இருக்காது.

வேலை முடிந்தபின் பலன் பார்ப்பதிலும் கண்ணி உண்டு. ஒரு சந்திப்பில் ஓராண்டில் 8 விபத்து, வேகத்தடை போட்டதும் 4. தடையின் பலனாக இருக்கலாம். அதற்கு முந்தைய ஆண்டுகளில் 3, 5, 4 என்றிருந்தால், எதுவும் செய்யாமலே எண்ணிக்கை இறங்கியிருக்கலாம். ஐந்தாண்டுப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். தடை போடாத, அதேபோன்ற இன்னொரு சந்திப்பின் கணக்கையும் பக்கத்தில் வையுங்கள்.