7.8 என்று போட்டிருந்தது

ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகர் நான். போன வருடம் ஆய்வு மாணவி ஒருவர் மொபைலை நீட்டினார். "சார், பேப்பர் அக்செப்ட் ஆயிடுச்சுங்க. இம்பேக்ட் ஃபேக்டர் 7.8ங்க. பணம் மட்டும் கட்டோணும்." நொய்யலில் கலக்கும் சாயக் கழிவுநீரைப் பற்றிய ஆய்வு, இரண்டு வருட உழைப்பு. ஓர் ஆய்விதழுக்கு அனுப்பிய மூன்றாம் நாளே ஏற்றுக்கொண்டார்களாம். மூன்று நாளில் கட்டுரையைப் படித்து மதிப்பிடும் ரெவ்யூவர் கிடைப்பதே அபூர்வம்.

ஓர் இதழின் கட்டுரைகளைச் சராசரியாக எத்தனை முறை மற்றவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதுதான் இம்பேக்ட் ஃபேக்டர். வெறும் வகுத்தல் கணக்குதான். ஓர் இதழ் 2022, 2023-இல் 100 கட்டுரை வெளியிட்டு, அவை 2024-இல் 250 முறை மேற்கோள் காட்டப்பட்டால், 2024-க்கு அதன் எண் 2.5. அமெரிக்கத் தகவலியல் அறிஞர் யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் முன்வைத்த யோசனை. இன்று கிளாரிவேட் என்ற நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. எந்த இதழுக்குச் சந்தா கட்டுவது என்று எங்களைப் போன்றவர்களுக்குக் கைகொடுத்த எண், ஆளையே நிறுக்கும் தராசானது பிற்பாடு.

வகுத்தலை யார் வேண்டுமானாலும் போடலாம் என்பதுதான் சிக்கல். காசுக்கு எண் தரும் போலி நிறுவனங்கள் உண்டு. அதனால் அட்டையில் இருப்பதை விட்டுவிட்டு, இதழுக்கு இதழ் தனித்தனியாகத் தரப்படும் ஐஎஸ்எஸ்என் எண்ணைக் கிளாரிவேட்டின் இதழ்ப் பட்டியலான மாஸ்டர் ஜர்னல் லிஸ்டில் போட்டுத் தேடினேன். இலவசம்தான். அந்த இதழ் அதில் இல்லை. ஸ்கோபஸ் என்ற இன்னொரு ஆய்விதழ்த் தரவுத்தளத்திலும் இல்லை. இருந்திருந்தாலும் வலைத்தள முகவரியையும் ஒப்பிட்டிருப்பேன். நல்ல இதழின் பெயரையும் ஐஎஸ்எஸ்என்னையும் திருடி நடத்தும் நகல் தளங்கள் இருக்கின்றன.

இன்னொன்று, துறை தாண்டி எண்ணை ஒப்பிடாதீர்கள். கணிதத்தில் பேர்பெற்ற இதழ்களுக்கே பெரும்பாலும் ஒற்றை இலக்கம்தான். அந்தந்தத் துறைக்குள் கால்பங்காகப் பிரித்த கியூ1 (முதல் கால்பங்கு), கியூ2 வரிசை இதற்குக் கொஞ்சம் தேவலாம். இதழ்களை வரிசைப்படுத்தும் சிமாகோ தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, ஏற்கத்தக்க இதழ்களுக்கென வைத்திருந்த தன் கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டபின் இந்தச் சோதனையெல்லாம் நம் தலையில்தான்.

மாணவி பணம் கட்டவில்லை. கட்டுரையை ஒரு கியூ2 இதழுக்கு அனுப்பினார். நாலு மாதம் கழித்து ரெவ்யூவர் கேட்டது ஒன்றே ஒன்று: மழைக்கால மாதிரி எங்கே? அப்புறம் என்ன, நொய்யலில் தண்ணீர் வரும்வரை பாட்டிலோடு காத்திருந்தார்.